ஒரே கூரை, தனி அடுப்பு: தாயோ தந்தையோ ஒருவரே வளர்க்கும் வீடுகளுக்கு எது துணை?

புள்ளிக்கணக்கு:
செட்டிநாட்டு ஊர்களில் கணவன் இல்லாத வீட்டைப் பெண் நடத்துவது புதுசு இல்லை. ரங்கூன், சைகோன், பினாங்கு என்று மூன்று வருஷக் கணக்குக்குக் 'கொண்டு விற்க', அதாவது கடல் கடந்த வியாபாரத்துக்கு, போனவர்களின் வீடுகள் அப்படித்தான் நடந்தன. ஆனால் அங்கே ஆள்தான் இல்லை, அவர் பெயரும் பணமும் வீட்டில் இருந்தன. இந்த இணைய இழை அந்த இரண்டும் சேர்ந்து போன வீடுகளுக்கு: கணவன் இறந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மனைவியை இழந்த ஆண்கள்.

இரண்டு பழைய வழக்கங்களை முன்னால் வைக்கிறேன். ஒன்று, நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஆண் ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பக் கணக்கு, அவர் போனபின் மனைவி அரைப்புள்ளி. இன்னொன்று, 'வேறு வைத்தல்'. கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வளவில், அதாவது அதே கூட்டு வீட்டில், தனி அறை, தனி அடுப்பு, வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று கணக்காகப் பிரித்து வைப்பது. பக்கத்தில் ஆள் இருக்கும், அடுப்பில் என்ன வேகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு உதவுவது என்றால் அது இந்த இரண்டாவது மாதிரிதான் இருக்கணும் என்பது என் கட்சி.

செய்முறை எழுதுங்கள். சொந்தக் கதையும் தெரிந்தவர் கதையும் வேண்டாம்.

வட்டாட்சி வாசல்:
சாவு விழுந்த வீட்டில் முதல் மூன்று மாசத்துத் தாள் வேலை அடுத்த பத்து வருஷத்தைத் தீர்மானிக்கும்.

இறப்புப் பதிவு 21 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம் இல்லை. ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மேலதிகாரி உத்தரவு வரை அலையணும். நம் ஊரில் விலாச எழுத்துத்தான், அதாவது பெயருக்கு முன்னால் வரும் எழுத்துத்தான், பெரிய தொல்லை. கல்யாணப் பத்திரிகையில் நான்கு எழுத்து, ஆதாரில் ஒன்று, வங்கியில் வேறொன்று. இறப்புச் சான்றில் ஆதாரில் இருக்கிறபடியே பெயர் வரட்டும். வந்தபின் திருத்த ஒரு மாசம் போகும், அதற்குள் வங்கி, காப்பீடு எல்லாம் அந்த ஒற்றை எழுத்தைக் காட்டித் திருப்பி அனுப்பும்.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவையில் மனு போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து வட்டாட்சியர் கொடுப்பார். இந்து வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. மாமியார் பெயரை விட்டுவிட்டு மனுப் போட்டு, பிறகு ஆட்சேபணை வந்து நிற்கிறதுதான் அதிகம்.

மூன்றாவது வேலையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இறந்தவரின் எல்லா வங்கிப் பாஸ்புக்கையும் எடுத்து, மே கடைசி, ஜூன் முதல் வார வரிகளைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு, அதுவும் 2 லட்சம், ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். விபத்துச் சாவில் 'உடம்பை அறுக்க வேண்டாம்' என்று சொந்தக்காரர்கள் தடுத்தால் இந்தப் பணம் போய்விடும்.

மில், கடை, பஸ் கம்பெனியில் பி.எப். பிடித்திருந்தால் மூன்று தனித் தொகை உண்டு: சேர்ந்த நிதி, அதோடு ஒட்டிய காப்பீடு (அதிகபட்சம் 7 லட்சம்), மாத ஓய்வூதியம். மனைவிக்கு வருவது போக, ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் வரை ஒவ்வொருவருக்கும் அதில் கால் பங்கு, 25 வயது வரை. பலர் நிதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மூன்றையும் கேட்டு மனுப் போடணும்.

சம்பாதித்தவர் 60 வயதுக்குள் இறந்து, குடும்பம் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்றால் தேசிய குடும்ப நல உதவி 20,000 ரூபாய், ஒரு தடவை. ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு தேங்கினால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இல்லாவிட்டால் அடுத்த தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

வளவு:
வாசல் சொன்னதோடு ஒன்று. கருமாதி முடியும் முன்னால் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வேண்டாம். 'வீட்டுப் பங்கை விடுதலைப் பத்திரமாக எழுதிக் கொடுத்துடு ஆத்தா, பிள்ளைகளை நாங்க பார்த்துக்கிறோம்' என்பது பல வளவுகளில் பதினாறாம் நாளுக்குள் வரும் பேச்சு. அவள் பங்கை அவள் எழுதிக் கொடுக்கலாம், அது அவள் இஷ்டம். மைனர் பிள்ளைகளின் பங்கை அவள் எழுத முடியாது. 1956-ஆம் வருஷ இந்து இளவர், காப்பாளர் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதினால், பிள்ளை மேஜரான மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட்டு உடைக்கலாம். இதைப் பங்காளிகளிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். 'கோர்ட் பர்மிஷன் இல்லாம வாங்கினா நாளைக்கு உங்களுக்குத்தான் வில்லங்கம்' என்று அவர்கள் நல்லதுக்குச் சொல்வது போலவே சொல்லலாம். உண்மையும் அதுதான்.

அந்தப் பங்கு என்ன பிரயோசனம் என்று கேட்பார்கள். நாற்பது பங்காளி இருக்கிற வீட்டை விற்று அவள் பங்கைப் பிரித்து வாங்குவது அவள் ஆயுளில் நடக்காது. ஆனால் ஒரு இரட்டை அறையும், இரண்டாம் கட்டில் (வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில்) அடுப்படியும், வாடகை இல்லாமல் இருக்கும் உரிமையும் அதில் அடக்கம். வாடகை மிச்சம் என்பது மாதாமாதம் வரும் பணம். அந்த அறையில் குடியிருந்து, மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை மூன்றையும் அந்த விலாசத்தில் வைத்துக்கொண்டால் நாளைக்கு யாரும் 'நீ எங்கே இருந்தே' என்று கேட்க முடியாது. அறையைப் பூட்டிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய் ஐந்து வருஷம் கழித்து வந்தால், பூட்டு மாறியிருக்கும்.

கோட்டையூர் ஆச்சி:
'வேறு வைத்தல்' ரொம்ப அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா அது புருஷன் இருந்தப்ப செஞ்ச ஏற்பாடு. அவர் போன பிறகு அந்த அறை யாருதுன்னு பாருங்க. அது அவரோட வரிசையில வந்த அறை. அவ அதுல ஒண்டிக்கிட்டு இருக்கிறவ. அரிசி அளந்து கொடுக்கிறவுக அவ வெளிய போற நேரத்தையும் அளப்பாக. இதைப் பேசாம பெருமை பேசக் கூடாது.

உதவணும்னு நெசமா நினைக்கிற சொந்தக்காரவுகளுக்குச் சில முறை இருக்கு. குறைஞ்ச தொகையா இருந்தாலும் மாசம் ஒரே தேதியில, அவ வங்கிக் கணக்குக்கே போகணும். கையில கொடுத்தா ஒவ்வொரு மாசமும் அவ வந்து வாசல்ல நிக்கணும். 2,000 ரூபா தேதி தவறாம வந்தா அதை வச்சு அவ சீட்டுக் கட்டலாம், பள்ளிக்கூடப் பஸ்ஸுக்குப் பேசலாம். வருஷத்துக்கு ஒருக்கா வர்ற 25,000, வந்த வாரமே கடன்காரனுக்குப் போயிரும்.

பொருளாக் கொடுத்தா கேட்டுக்கிட்டுக் கொடுங்க. ரேஷன் அரிசி இருக்கிற வீட்டுக்கு மூட்டை அரிசி போடுவாக. அவுகளுக்கு வேண்டியது எண்ணெயும் கேஸும்.

ஸ்ரீதனச் சாமான் பட்டியலைப் பத்திரமா வைங்க. நம்ம கல்யாணங்கள்ல நகை, வெள்ளி, எவர்சில்வர் வரைக்கும் எழுதி வைக்கிறது வழக்கம்தானே. அதெல்லாம் அவளுக்கே சொந்தம்னு உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லியாச்சு. பட்டியல் இருந்தா கேக்கலாம். இல்லாட்டி வாய்ப்பேச்சுதான்.

அப்புறம் விசேஷ வீட்டுல அவளை இரண்டாம் கட்டுல உக்கார வைக்கிறது. பிள்ளைக அதைப் பார்த்துக்கிட்டே வளருதுக. நீங்க மாசம் கொடுக்கிற பணம் அங்க வச்சுக் கழிஞ்சு போயிடும்.

கடல் தாண்டி:
ஆச்சி சொன்ன 'அது அவரோட அறை' என்பதுதான் முடிச்சு. மேற்குச் சுமாத்ராவில் மினாங்கபாவ் மக்களின் வீட்டைப் பாருங்கள். நம் வளவு மாதிரியே நீளமான பெரிய வீடு, பின்பக்கம் வரிசையாக அறைகள். அவர்களின் ஆண்களும் தலைமுறை தலைமுறையாக வெளியூர் வியாபாரத்துக்குப் போனவர்கள். அந்தப் போக்குக்கு 'மெரான்தாவ்' என்று பெயர், நம் 'கொண்டு விற்க' போலத்தான். வித்தியாசம் ஒன்றே. அங்கே அறைகள் மகள்களுக்கு. வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும், கணவன் வந்து போகிறவர். அவர் வராமல் நின்றாலும் அவளும் பிள்ளைகளும் இருந்த அறையிலேயே இருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பு 'மாமாக்', அதாவது தாய்மாமன். கட்டடம் ஒரே மாதிரி இருக்கிறது, சாவி யாரிடம் என்பதில்தான் பிள்ளையின் நிலை மாறுகிறது.

அப்படி எல்லாத் தாய்வழி ஊரும் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். மேகாலயாவின் காசி மக்களிடம் பிள்ளைகள் தாயின் குலப்பெயரைத்தான் வைப்பார்கள், ஆனால் வீடு கடைசி மகளுக்கு. மூத்த மகள்கள் கல்யாணமாகித் தனி வீடு போவார்கள். கைவிடப்பட்டால் குலப்பெயர் இருக்கும், வாடகை யார் கொடுப்பது என்ற கேள்வியும் இருக்கும்.

ஜப்பான் இன்னொரு பாடம். அங்கே தனித்தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறார்கள். இருந்தும் 2021 கணக்கில் ஒற்றைப் பெற்றோர் வீடுகளில் 44.5 சதவீதம் வறுமையில். வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இது பதில். பகுதிநேரச் சம்பளமும், தந்தையிடமிருந்து வராத ஜீவனாம்சமும்தான் காரணம். தனித்தந்தையருக்கு அரசு உதவித்தொகை அங்கே 2010 ஆகஸ்டில்தான் ஆரம்பித்தது.

ஜெர்மனியில் செய்வது எனக்குப் பிடித்தது. தந்தை பணம் கட்டவில்லை என்றால் அரசு முன்பணமாகப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, அவரிடம் பிறகு வசூலிக்கும். 2017 ஜூலையிலிருந்து 18 வயது வரை நீட்டினார்கள். வசூல் செய்யும் தலைவலி அரசுக்கு, பால் வாங்கும் காசு தாய்க்கு. இங்கே இரண்டும் அவள் தலையில்.

சட்டத்துணை:
அதே தலைவலிக்கு வருவோம். கைவிடப்பட்டவர்களுக்கு.

அவர் போன வாரமே காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனு வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். 'மானம் போகும்' என்று விடுவதால் பின்னால் எல்லாம் நிற்கிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு 30 வயது ஆகியிருக்கணும், கைவிட்டு 5 வருஷம் ஆகியிருக்கணும், அல்லது சட்டப்படி பிரிந்த சான்று வேண்டும். அந்த 5 வருஷம் எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்பதற்கு அந்த ரசீதுதான் சாட்சி. ஆளே காணாமல் போனால் 7 வருஷம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்ளலாம். அந்தக் கணக்குக்கும் அதே காகிதம்.

ஜீவனாம்சம் இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, பழைய 125. அவர் எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு, வட்ட சட்டப்பணிக் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்தே போடுங்கள். முக்கிய மனு வருஷக்கணக்கில் இழுத்தாலும் இது முன்னால் வரும். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கமும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் கொடுக்கணும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை சேரணும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பிரமாணப் பத்திரத்தில் அவர் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் மறுக்க ஆதாரம் வேண்டும். அவர் இருந்த காலத்து வங்கி வரவு, பைக் கடன் தவணை, பணம் அனுப்பிய செயலியின் ஸ்கிரீன்ஷாட், எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

உத்தரவு வந்தபின் நடக்கும் தப்பு: அவர் கட்டாமல் விட்டதைச் சேர்த்து வைத்து இரண்டு வருஷம் கழித்துக் கேட்பது. நிலுவை விழுந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போடணும். நான்கைந்து மாசத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டே இருங்கள்.

குடும்ப அட்டையில் பெயர் அவரோடு சிக்கிக்கொண்டிருந்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் மனு. கள விசாரணை செய்து நீக்கித் தனி அட்டை கொடுக்க வழி உண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடல் தாண்டி:
வெளிநாட்டில் இருப்பவர் என்றால் ஒரு வரி சேர்க்கிறேன். மலேசியாவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் 2019 ஜனவரி 1 முதல் அங்கத்திய சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவில் சேர்க்கப்பட்டார்கள். வேலையில் விபத்து நடந்து இறந்தால் சார்ந்தவர்களுக்குத் தொகை உண்டு. முதலாளி தானாகச் சொல்ல மாட்டார், கேட்கணும். குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போனவர்களுக்குப் பிரவாசி பாரதிய காப்பீட்டில் விபத்துச் சாவுக்கு 10 லட்சம். சுற்றுலா விசாவில் போய் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இரண்டிலும் கை வைப்பது கஷ்டம். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தவருக்குச் சேமநிதி நியமனம், அதாவது நாமினிப் பதிவு, உண்டு. கல்யாணம் ஆனால் பழைய நியமனம் தானாக ரத்தாகும், விவாகரத்து ஆனால் ரத்தாகாது. இதில் பல பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

பள்ளத்தூர் டீச்சர்:
எல்லோரும் தாயைப் பற்றியே பேசுகிறீர்கள். பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, பிரிந்த பெற்றோர் என்று பல சுமை சேர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நன்றாகவே தேறியது. அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் ஒன்று, நிலையாக நம்பக்கூடிய ஒரு பெரியவர். பாட்டியாகவும் இருக்கலாம், வாத்தியாராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

அதனால் தாய்மாமன்கள் மூன்று பேர் முறை வைத்துப் பார்ப்பதைவிட ஒருவர் தொடர்ந்து வருவது மேல். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், ஒரு மணி நேரம் போதும். வர முடியாத வாரம் பிள்ளைக்கே போன் செய்து சொல்லணும். 'வர்றேன்' என்று சொல்லி வராமல் இருப்பது ஏற்கெனவே ஒருவர் செய்த வேலை.

சாவைச் சின்னப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். 'அப்பச்சி (அப்பா) வெளியூர் போயிருக்காக' என்றால் ஐந்து வயசுப் பிள்ளை வாசலில் காத்திருக்கும், பிறகு நம்மை நம்பாது. 'அப்பச்சி இறந்துட்டாக, இனிமே வரமாட்டாக, நான் உன்கூட இருக்கேன்' என்று நேராகச் சொல்லுங்கள். அதே கேள்வியை முப்பது தடவை கேட்கும். முப்பது தடவையும் அதே பதில். ஒன்றிரண்டு மாசம் தாண்டியும் படுக்கையில் நனைப்பது, பள்ளிக்கூட நாளில் மட்டும் வயிற்றுவலி, யாரோடும் பேசாமல் இருப்பது தொடர்ந்தால் மனநல உதவி எண் 14416-க்கு அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

மூத்த பெண்ணைக் குட்டித் தாய் ஆக்குவதுதான் நான் அதிகம் எச்சரிப்பது. தம்பிக்குச் சோறு போடட்டும், தலை வாரி விடட்டும். கடன்காரர் போனை எடுக்க வைப்பது, வீட்டுப் பணக் கவலையை ராத்திரி அவளிடம் கொட்டுவது கூடாது. பத்தாம் வகுப்பில் மார்க் சரிவது பல வீடுகளில் இங்கிருந்துதான்.

பள்ளிக்கூட வேலை: பிள்ளையின் பதிவில் அப்பாவின் கைப்பேசி எண் இருந்தால் முதல் நாளே மாற்றச் சொல்லுங்கள், உதவித்தொகைச் செய்தியெல்லாம் அணைந்துபோன அந்த எண்ணுக்கே போகும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளையின் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் உண்டு, தலைமையாசிரியர் மூலம் போகணும். குழந்தைப் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000. கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000, நகரத்தில் 96,000 தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு, சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். ஒரு குழு கூடித்தான் ஒப்புதல் தரும், தாமதமாகும். வருமானச் சான்றைத் தாயின் பெயரில் புதிதாக வாங்குங்கள். இறந்தவர் சம்பாதித்த காலத்து வருமானம் காட்டிய பழைய சான்றை வைத்து நிராகரிக்கப்பட்ட மனுக்கள் நிறைய.

ரஸ்தா ரயில்:
டீச்சர், ஆம்பளை தனியா வளர்க்கிற வீட்டுக்கு என்ன இருக்கு? மேலே சொன்ன எல்லாம் விதவை, கைவிடப்பட்டவர்னே வருது.

பள்ளத்தூர் டீச்சர்:
குறைவுதான், மறைக்க வேண்டியதில்லை. விபத்துத் தொகை 75,000 தாய் இறந்தாலும் உண்டு. மத்திய அரசு ஊழியராக இருந்தால் தனித்தந்தைக்கும் 730 நாள் பிள்ளை பராமரிப்பு விடுப்பு, முதல் 365 நாள் முழுச் சம்பளம், மீதி 80 சதவீதம். தாய் இறந்து தந்தையும் மாற்றுத்திறனாளியோ தீராத நோயாளியோ சிறையில் இருப்பவரோ என்றால் 2025 செப்டம்பரில் வந்த அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000.

பெண் பிள்ளை இருந்தால் பத்து வயதிலேயே அவளுக்கு மாதவிலக்கு பற்றித் தெரிந்திருக்கணும். அத்தையோ சித்தியோ சொல்வார்கள் என்று விட்டால் யாரும் சொல்வதில்லை. புத்தகப் பையில் ஒரு சின்னப் பையில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள் வைத்துவிடுங்கள். எங்கே வைத்திருக்கிறது என்று அப்பாவுக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தால் போதும், மேலே பேச்சு தேவையில்லை.

கோட்டையூர் ஆச்சி:
ஆம்பளை விஷயத்துல சொந்தக்காரவுக இன்னொரு அவசரம் காட்டுவாக. வருஷம் திரும்புறதுக்குள்ள 'பிள்ளைகளுக்காக ஒரு கல்யாணம்'. பிள்ளைகளுக்காகன்னு வர்ற பொண்ணு வேலைக்காரியாத்தான் வருவா. அவளுக்கும் பாவம், பிள்ளைகளுக்கும் பாவம். சோறு பொங்க ஆள் வேணும்னா சமையலுக்கு ஆள் வைங்க, அதுக்கு எதுக்குத் தாலி?

பலகாரக் கணக்கு:
வருமானம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நம் பக்கம் தனித்தாய் என்றதும் 'பலகாரம் சுட்டு விற்கலாமே' என்பார்கள். விற்கலாம், ஆனால் கணக்குத் தெரியாமல் ஆரம்பித்தவர்கள் ஆறு மாசத்தில் எண்ணெய்க் கடையில் கடனோடு நிற்பார்கள்.

தேன்குழலுக்கு 4 பங்கு பச்சரிசி, 1 பங்கு உளுந்து. அரிசி, உளுந்து விலையை எல்லோரும் கூட்டுகிறார்கள். விட்டுப்போவது எண்ணெய். சுடும் முன் சட்டியில் ஊற்றிய எண்ணெயை எடை போடுங்கள், முடிந்தபின் மீந்ததை எடை போடுங்கள், வித்தியாசம்தான் அந்த ஈட்டுக்குப் போன எண்ணெய். எண்ணெய் சரியாகக் காயாமல் மாவைப் பிழிந்தால் இந்த வித்தியாசம் கூடிக்கொண்டே போகும், பலகாரமும் இரண்டாம் நாள் சிக்கடிக்கும். பிறகு உடைசல். பிழிந்ததில் எவ்வளவு விற்க முடியாமல் போகிறது என்று நான்கு ஈடு குறித்து வைத்தால் சராசரி தெரியும். கடைசியாகத் தன் கூலி. ஒரு நாளில் இத்தனை மணி நேரம் அடுப்படியில் என்று எழுதி, நம் ஊரில் சமையல் ஆளுக்குக் கொடுக்கும் நாள்கூலியை அதில் ஏற்றணும். அது ஏறினால் விலை கட்டாது என்றால் அந்தப் பலகாரத்தைச் சுட வேண்டாம், மனோலமோ சீப்புச் சீடையோ பார்க்கலாம். கைவேலை அதிகம் உள்ளதற்குத்தான் விலை கேட்க முடியும்.

சின்ன வியாபாரம் என்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் ஒட்டணும். வீட்டுச் சிலிண்டரில் வியாபாரம் செய்யக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர் விலையை வைத்துத்தான் கணக்குப் போடணும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, ஆகையால் சீர்ப் பலகார ஆர்டரும் கிடையாது. அந்த இரண்டு மாசத்துச் செலவை ஆனியிலும் கார்த்திகையிலும் ஒதுக்கி வைக்காதவர்கள்தான் நகையை அடகு வைக்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டுச் சீருக்கும் பாதிப் பணம் முன்னால். 'நம்ம வீட்டுப் பொண்ணுதானே' என்று கடைசியில் பேரம் பேசுகிறவர்கள் அவர்கள்தான்.

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்க முடியாதவர்களுக்குக் பனையோலைக் கொட்டான் (சின்னக் கூடை) பின்னுவது பொருந்தும். உட்கார்ந்த இடத்தில், விட்டு விட்டுச் செய்யலாம், நெருப்பு இல்லை. ஆனால் துண்டுக் கூலி. நாளைக்கு எத்தனை முடியும் என்று ஒரு வாரம் பின்னிப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் ஒத்துக்கொள்ளணும்.

புள்ளிக்கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரிப் பெண்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் ஓட்டினார்கள். பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி மூன்றுக்கும் யாரையும் கெஞ்சாமல் போய்வருவது தனித்தாய்க்கு ஓய்வூதியத்துக்குச் சமம். இன்றைக்கு என்றால் ஸ்கூட்டரும் ஓட்டுநர் உரிமமும். சொந்தக்காரர்கள் திரண்டு ஒரு பெரிய தொகை கொடுக்க நினைத்தால் இதற்குக் கொடுக்கலாம். தனி அடுப்பு போலவே இதுவும் கேள்வி கேட்காத உதவி.

வளவு:
வண்டியை அவள் பெயரிலேயே பதியணும் அண்ணே. கொழுந்தன் பெயரில் வாங்கிக் கொடுத்து, கோபம் வந்ததும் சாவியைப் பிடுங்குவது நடக்கிறது.

ரஸ்தா ரயில்:
வாசல் அண்ணே, ஒரு சந்தேகம். பாஸ்புக்கில 436 பிடிச்ச வரி ரெண்டு வருஷத்துக்கு முந்தி இருக்கு, போன வருஷம் இல்லை. வங்கியில 'ஸ்கீமே இல்லை'ன்னு வாயால சொல்லி அனுப்பினா என்ன செய்யிறது?

வட்டாட்சி வாசல்:
அந்தக் காப்பீட்டு வருஷம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பிடித்த வருஷத்துக்குள் இறப்பு நடந்திருந்தால்தான் பணம். பாஸ்புக் பல சமயம் முழுசாக அச்சாகியிருக்காது, வரிகள் விட்டுப்போயிருக்கும். அதனால் இறந்த தேதிக்கு முந்தின மே, ஜூன் மாதங்களுக்கு முழுக் கணக்கறிக்கை கேட்டு வாங்குங்கள், வாரிசுச் சான்று காட்டினால் கொடுப்பார்கள். ஒருவருக்கு இரண்டு வங்கியில் கணக்கு இருந்து வேறொன்றில் பிடித்திருக்கவும் கூடும், கேஸ் மானியம் எந்தக் கணக்குக்கு வந்தது, சம்பளம் எதில் வந்தது என்று பார்த்து அங்கேயும் கேளுங்கள். எங்கேயும் இல்லை என்றால் இல்லை என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதச் சொன்னதும் இன்னொரு தடவை கம்ப்யூட்டரில் தேடிப் பார்ப்பார்கள்.

ரஸ்தா ரயில்:
சரி அண்ணே. திங்கக்கிழமை கணக்கறிக்கை கேக்கச் சொல்றேன். வாரிசுச் சான்று வர்றதுக்கு இன்னும் பத்து நாள் ஆகும்னாக, அதுவரைக்கும் இறப்புச் சான்றை மட்டும் வச்சுக் கேக்கலாமா?

வட்டாட்சி வாசல்:
அந்தக் கணக்கில், கேட்கப் போகிறவர் நாமினியா என்று பாருங்கள். நாமினி என்றால் இறப்புச் சான்றும் ஆதாரும் போதும், பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.